படைப்புழு சட்டை மாற்றும் நேரம்

பாடாலூரில் திருச்சி–சென்னை நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, கிழக்கே காரை, குளக்கால்நத்தம் பக்கம் போனால் ஓடைகள் அறுத்துப் போட்ட களிமண் மேடுகள் வரும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அது கடலடி. அம்மோனைட், பெலம்னைட் என்று அந்தக் கடலில் நீந்திய உயிர்களின் ஓடுகள் இன்றும் ஒவ்வொரு மழைக்கும் மண்ணிலிருந்து வெளியே வருகின்றன. புவியியல் படிப்பவர்கள் தேடி வந்து பார்க்கும் ஓடுகள் அவை.

அந்த மேடுகள் இருக்கும் பெரம்பலூர் மாவட்ட ஆலத்தூர் வட்டத்து மானாவாரிக் காடுகளில் இன்னொரு வகை ஓடு கிடக்கிறது. அதை யாரும் தேடி வருவதில்லை. புரட்டாசியில் விதைத்த மக்காச்சோளத்தின் குருத்தை மெல்ல விரித்து, மரத்தூள் போல அடைத்துக் கிடக்கும் எச்சத்தை விலக்கிப் பாருங்கள். கடுகு அளவுகூட இல்லாத பழுப்பு நிற உறைகள் சில அதில் கலந்திருக்கும். படைப்புழு வளரும்போது கழற்றிப் போட்ட தலையோடுகள் அவை.

கடல் உயிர்களின் ஓடு சுண்ணாம்பால் ஆனது. அதனால்தான் கல்லோடு கல்லாக இத்தனை கோடி ஆண்டு தாங்கியது. பூச்சியின் மேலோட்டுக்குச் சுண்ணாம்பு தேவையில்லை. புரதத்தையும் சர்க்கரையிலிருந்து உண்டாக்கிய நாரையும் முக்கியமாக வைத்துக்கொண்டு, மக்காச்சோள இலையை அரைக்கும் தாடையை ஒரு புழு சில மணி நேரத்தில் செய்துகொள்கிறது. இந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால், மருந்தை எப்போது அடிக்க வேண்டும், எதை அடிக்க வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

வந்து சேர்ந்த கதை

படைப்புழு அமெரிக்கக் கண்டத்துப் பூச்சி. 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவில் தென்பட்டது. இரண்டே ஆண்டில், 2018 மே மாதம், கர்நாடகத்தின் சிவமொக்கா மக்காச்சோள வயல்களில் இருப்பது கண்டறியப்பட்டது. அதே ஆண்டு தமிழகத்துக்குள் நுழைந்தது. ஒரே இரவில் 100 கிலோமீட்டர் பறக்கக்கூடிய அந்துப்பூச்சிக்கு இது பெரிய தூரமில்லை. ஒரு தாய்ப்பூச்சி தன் ஆயுளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைக் குவியல் குவியலாக இடும்.

தமிழகத்தில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூர் முன்வரிசையில் இருக்கிறது. 2018–19 பருவத்தில் பலத்த அடி விழுந்த இடங்களில் இதுவும் ஒன்று. புழு குருத்தைத் தின்ற பயிர் கதிர் வைக்கவில்லை. வைத்த கதிரிலும் புழு புகுந்தது. அரசு நிவாரணம் அறிவிக்கும் அளவுக்குச் சேதம் போனது. அப்போது கடைகளில் என்ன மருந்து இருந்ததோ அதெல்லாம் வயலுக்கு வந்தது. ஒன்றோடு ஒன்றைக் கலந்தும் அடித்தார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 2017இல், இதே மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகள் சிலர் நஞ்சு தாக்கி இறந்தார்கள். பலர் மருத்துவமனையில் கிடந்தார்கள். ஆளுயரத்துக்கு வளர்ந்த பருத்திக்குள் நின்று தலைக்கு மேல் தெளிக்கும்போது, மருந்து செடியில் பாதியும் ஆளின் மேல் பாதியுமாக விழுகிறது. மகாராஷ்டிரத்தின் யவத்மாலிலும் அதே ஆண்டு இதே துயரம் நடந்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள் தாக்குவது நரம்பை. அசிட்டைல்கோலின் எனும் நரம்புச் சேதிப்பொருளைச் சிதைக்கும் நொதியை அவை முடக்குகின்றன. அந்த நொதி புழுவுக்கும் இருக்கிறது, தெளிக்கிறவருக்கும் இருக்கிறது. அளவில்தான் வித்தியாசம். பூச்சியிடம் இருந்து நம்மிடம் இல்லாதது ஒன்றைத் தாக்கினால் என்ன? அப்படி ஒன்று இருக்கிறது. அதுதான் மேலோடு.

மூன்று அடுக்குக் காப்பு

நமக்கு எலும்பு உள்ளே, தசை வெளியே. பூச்சிக்கு எல்லாம் தலைகீழ். எலும்பின் வேலையையும் தோலின் வேலையையும் மேலோடு ஒன்றே செய்கிறது. தசைகள் அதன் உட்புறத்தில் பற்றிக்கொண்டு இழுக்கின்றன. மூச்சுக்குழல்களின் உட்சுவரும், குடலின் முன்பகுதியும் பின்பகுதியும்கூட இதே பொருளால் பூசப்பட்டவைதான்.

மேலோட்டின் வெளி அடுக்கு மிக மெல்லியது. ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். அதில் கைட்டின் என்ற நார் கிடையாது. மெழுகும் கொழுப்பும் கலந்த அந்தப் பூச்சுதான் உடலின் நீரை உள்ளே நிறுத்தி வைக்கிறது. சித்திரை வெயிலில் கட்டெறும்பு காய்ந்து சாகாமல் ஓடுவது இதனால்தான். இதற்குக் கீழே கெட்டியான அடுக்கு. அதற்கும் கீழே மென்மையான அடுக்கு. கைட்டின் நார்கள் இந்த இரண்டு அடுக்கிலும், புரதத்தில் பதிந்தபடி ஒன்றன்மேல் ஒன்றாகத் திசை மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன.

கைட்டின் என்பது ஒரு வகைச் சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த நார். பிரெஞ்சு வேதியியலாளர் ஆன்றி பிராக்கோனோ 1811இல் இதை முதலில் பிரித்தெடுத்தது காளானிலிருந்து. பூச்சியின் மேலோட்டிலும் அதுவே இருப்பதை ஒடியே என்பவர் 1823இல் காட்டினார். ஓடு கெட்டியாக இருப்பதற்குக் கைட்டின்தான் காரணம் என்று பாடப்புத்தகம் படித்த பலர் நினைக்கிறார்கள். ஆனால் கையில் எடுத்தால் நசுங்கும் புழுவின் தோலிலும் கைட்டின் நிறையவே உண்டு. நார் இழுவையைத் தாங்கும். கடினம் வேறெங்கிருந்தோ வர வேண்டும்.

ஒரே புழுவின் உடலிலேயே இந்த வித்தியாசத்தைப் பார்க்கலாம். படைப்புழுவின் உடல்தோல் விரிந்து கொடுக்கும். தலை மட்டும் பளபளப்பான கெட்டி ஓடு. நெற்றியில் தலைகீழ் ஒய் எழுத்துப் போன்ற வெளிர்கோடு அதில்தான் தெரியும். தாடை அதைவிடக் கடினம். மக்காச்சோள இலையில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா இருக்கிறது. அதைத் தொடர்ந்து அரைத்தால் சாதாரணத் தாடை தேய்ந்துபோகும். இலை தின்னும் புழுக்கள் பலவற்றின் தாடை விளிம்பில் துத்தநாகம் சேர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 1980களின் தொடக்கத்திலேயே கண்டார்கள்.

சட்டை மாற்றுதல்

கெட்டியான ஓடு வளராது. உள்ளே உடல் வளர்ந்தால் ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பெரிதாக ஒன்று செய்துகொள்ள வேண்டும். படைப்புழு முட்டையிலிருந்து வந்து மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகும் வரை ஆறு நிலைகளைக் கடக்கிறது. முதல் நிலையில் தலையின் அகலம் 0.35 மில்லிமீட்டர். ஆறாம் நிலையில் 2.6 மில்லிமீட்டர். உடல் 1.7 மில்லிமீட்டரிலிருந்து 34 மில்லிமீட்டர் வரை நீள்கிறது. ஒவ்வொரு சட்டை மாற்றத்திலும் தலை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பெரிதாகிறது என்பதை அமெரிக்கப் பூச்சியியலாளர் ஹாரிசன் டயர் 1890இல் பல புழுக்களை அளந்து சொன்னார். வயலில் கிடைத்த புழுவின் தலையை அளந்து, அது எந்த நிலை என்று சொல்வது இன்றும் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஒரு கண்ணாடிப் புட்டியில் இளம் மக்காச்சோள இலையோடு ஒரு படைப்புழுவை விட்டு, வாயைத் துணியால் கட்டி வைத்தால் வீட்டிலேயே இதைக் காணலாம். இரண்டு புழுவை விடக் கூடாது. ஒன்றை ஒன்று தின்றுவிடும். ஓயாமல் தின்றுகொண்டிருந்த புழு திடீரென்று உணவை விட்டுவிட்டு அசையாமல் கிடக்கும். தலை சின்னதாகிவிட்டது போலத் தெரியும். உண்மையில் தலைக்குப் பின்னால் கழுத்துப் பகுதி உப்பியிருக்கிறது. புதிய, பெரிய தலை அங்கே தயாராகி வெளிறிப் போய் நிற்கிறது. பழைய தலையோடு அதன் முன்னால் முகமூடியாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

இந்த அமைதிக்குள் பெரிய வேலை நடக்கிறது. தோலின் உயிருள்ள செல்கள் பழைய ஓட்டிலிருந்து விலகிக்கொள்கின்றன. இடைவெளியில் ஒரு திரவம் சுரக்கிறது. அதிலுள்ள நொதிகள் பழைய ஓட்டின் உட்பகுதியைக் கரைக்கின்றன. கரைந்ததில் பெரும்பங்கை உடல் திரும்ப உறிஞ்சிப் புதிய ஓட்டுக்குப் பயன்படுத்துகிறது. கெட்டியாகிப்போன வெளிப்பகுதி மட்டும் கரையாமல் நிற்கும். பிறகு புழு காற்றை விழுங்கி உடலை உப்ப வைக்கும். பழைய சட்டை முதுகுப்புறம் பிளக்கும். புழு முன்னோக்கி ஊர்ந்து வெளியே வரும். மூச்சுக்குழல்களின் உட்பூச்சுகூட நூலாக உருவிக்கொண்டு பழைய சட்டையோடு போய்விடும்.

வெளிவந்த புழுவின் தலை வெள்ளை. தொட்டால் அமுங்கும். தாடை இலையைக் கடிக்காது. அடுத்த சில மணி நேரம் அதன் வாழ்வில் மிகவும் பலவீனமான நேரம். வீட்டில் அடுப்படிப் பக்கம் சில சமயம் வெள்ளைவெளேரென்று ஒரு கரப்பான் தென்படும். நோய் வந்த கரப்பானோ வேறு இனமோ இல்லை. அப்போதுதான் சட்டை மாற்றியது. காலையில் பார்த்தால் பழுப்பாகிவிட்டிருக்கும்.

பதனிடும் வேதியியல்

வெள்ளை பழுப்பாவதும், மென்மை கடினமாவதும் ஒரே வினையின் இரண்டு முகங்கள். 1940இல் கேம்பிரிட்ஜில் மார்க் பிரையர் என்பவர் கரப்பானின் முட்டைப் பையை ஆராய்ந்து இதன் அடிப்படையைச் சொன்னார். தோல் பதனிடும் தொழிலில் நடப்பதைப் போன்றதே இங்கும் நடக்கிறது என்றார் அவர்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதைச் சுலபமாகச் சொல்லலாம். பெரம்பலூர்த் தரிசுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் ஆவாரஞ்செடியின் பட்டையைத்தான் பழைய தோல் பதனிடுவோர் பயன்படுத்தினார்கள். பச்சைத்தோல் அப்படியே விட்டால் அழுகும், காய்ந்தால் விறைக்கும். ஆவாரம்பட்டை ஊறிய நீரில் போட்டால் பட்டையின் துவர்ப்புப் பொருள் தோலின் புரத இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றைப் பிணைக்கும். நீர் வெளியேறும். பழுப்பேறும். பிறகு அழுகாது. பூச்சி இதே வேலையைத் தன் உடலுக்குள்ளேயே செய்துகொள்கிறது. வாரக்கணக்கில் தொட்டியில் ஊற வேண்டியதில்லை, மணிக்கணக்கில் முடிந்துவிடும்.

அதற்கு வேண்டிய துவர்ப்புப் பொருளைப் பூச்சி டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து செய்துகொள்கிறது. டைரோசின் டோபாவாகி, டோபா டோபமினாகி, டோபமினோடு இன்னொரு சிறு மூலக்கூறு சேர்கிறது. இவ்வளவும் செல்லுக்குள். பிறகு அது புதிய ஓட்டுக்குள் கசிகிறது. அங்கே காத்திருக்கும் லாக்கேஸ் என்ற நொதி, ஆக்சிஜனின் உதவியால் அதைக் குயினோனாக மாற்றுகிறது. குயினோன் சும்மா இருக்காது. பக்கத்திலுள்ள புரதங்களைப் பற்றி ஒன்றோடு ஒன்று கோத்துவிடும். இழைகள் நெருங்கும், நடுவிலிருந்த நீர் வெளியேறும், ஓடு இறுகும்.

இந்த நொதிதான் முக்கியம் என்பதை உறுதிசெய்தது 2005இல் வெளியான ஓர் ஆய்வு. நம் வீட்டுக் கோதுமை மாவிலும் ரவையிலும் ஓடும் செம்பழுப்பு மாவு வண்டைத்தான் அதற்கு எடுத்துக்கொண்டார்கள். லாக்கேஸ்-2 என்ற ஒரே மரபணுவை அடக்கியதும் வண்டுகளின் மேலோடு வெளிறி, மென்மையாகவே நின்றுவிட்டது. அந்த ஆய்வுக் குழுவில் ஒருவர் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் பேராசிரியர் சுப்பரத்தினம் முத்துகிருஷ்ணன். கைட்டினைப் பற்றிய உலக ஆய்வுகளில் அவர் பெயர் திரும்பத் திரும்ப வரும்.

சென்னைக்கும் இதில் பழைய தொடர்பு உண்டு. 1950களில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வகத்தில் ஜி. கிருஷ்ணன் கருந்தேளின் மேலோட்டை ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். கொலாஜன் புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்த ஜி.என். இராமச்சந்திரன் 1955இல் அவரோடு சேர்ந்து அதே தேளைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்.

யார் உத்தரவு கொடுப்பது?

சட்டை எப்போது மாற வேண்டும், எப்போது இறுக வேண்டும் என்பதை ஹார்மோன்கள் முடிவு செய்கின்றன. சட்டை மாற்றத்தைத் தொடங்கி வைப்பது எக்டைசோன். ஜெர்மனியில் பூட்டனாண்ட், கார்ல்சன் என்ற விஞ்ஞானிகள் 1954இல் இதைப் பிரித்தெடுத்தபோது, 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுவிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது வெறும் 25 மில்லிகிராம். அவ்வளவு சொற்பமே போதும் ஒரு புழுவின் தலையெழுத்தை மாற்ற. இன்னொன்று இளமை ஹார்மோன். அது இரத்தத்தில் இருக்கும்வரை சட்டை மாற்றினாலும் புழு புழுவாகவே தொடரும்; குறைந்தால் கூட்டுப்புழுவாகும்.

மூன்றாவது, ஓட்டை இறுகச் செய்யும் பர்சிகான். 1962இல் பிரெங்கல், சியா என்ற ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை செய்தார்கள். கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈயின் கழுத்தை நூலால் இறுகக் கட்டினார்கள். கழுத்துக்குக் கீழே உடல் கறுக்கவும் இல்லை, இறுகவும் இல்லை. இறுகிய ஈயின் இரத்தத்தை எடுத்து அதில் செலுத்தியதும் இறுகிவிட்டது. உத்தரவு இரத்தம் வழியே ஒரு ஹார்மோனாகப் போகிறது என்பது அதில் உறுதியானது.

அடுக்குக்கு ஓர் ஆயுதம்

மேலோட்டின் ஒவ்வொரு அடுக்கையும் தாக்க ஒரு வழி இருக்கிறது. அதில் சில நம் ஊரில் வெகுநாளாக இருப்பவை.

வெளி மெழுகுப் பூச்சிலிருந்து தொடங்கலாம். துவரையைச் செம்மண் கட்டி வைப்பதும், விதையோடு சாம்பலைப் பிசறி வைப்பதும் நம் பாட்டிமார் செய்தவை. பிரிட்டிஷ் விஞ்ஞானி வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த் 1945இல் இதன் காரணத்தை ஆய்வகத்தில் காட்டினார். நுண்துகள் மீது ஊர்ந்த பூச்சியின் மெழுகு உராய்ந்து கீறல் விட்டது. அந்தக் கீறல் வழியே உடலின் நீர் ஆவியாகிப் பூச்சி காய்ந்தது. விதைப் பயறுக்கு 100 கிலோவுக்கு ஒரு கிலோ என்று பதப்படுத்திய வெள்ளைக் களிமண் தூளைக் கலக்கச் சொல்லும் பரிந்துரைக்குப் பின்னால் இருப்பதும் இதே காரணம். படைப்புழு வந்தபோது, விதைத்து முதல் 30 நாள்களில் 9 பங்கு மணலோடு 1 பங்கு சுண்ணாம்பு கலந்து குருத்தில் போடலாம் என்று இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழும விஞ்ஞானிகள் சொன்னார்கள். கைவேலை அதிகம்தான், சிறு பரப்புக்குக் கட்டுப்படியாகும்.

அடுத்தது பூஞ்சை. மெட்டாரைசியம் என்ற பூஞ்சையின் வித்து மேலோட்டில் ஒட்டி முளைத்து, புரதத்தையும் கைட்டினையும் கரைக்கும் நொதிகளைச் சுரந்து ஓட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். புழு அதைத் தின்ன வேண்டியதில்லை. மேலே பட்டாலே போதும். உருசியரான மெச்னிக்கோவ் 1879லேயே இதைத் தானிய வண்டுக்கு எதிராகச் சோதித்தார். இதற்கு ஈரப்பதம் வேண்டும். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கும் பெரம்பலூர் மானாவாரி மக்காச்சோளத்துக்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் அந்த ஈரம் இயற்கையாகவே கிடைக்கும். மாலையில் தெளித்தால் இன்னும் நல்லது. வெயிலில் வித்து செத்துவிடும்.

மூன்றாவது, கைட்டின் உற்பத்தியையே தடுப்பது. இது தற்செயலாகக் கிடைத்த ஆயுதம். நெதர்லாந்தின் பிலிப்ஸ்-டூஃபார் நிறுவன வேதியியலாளர்கள் 1970களின் தொடக்கத்தில் இரண்டு களைக்கொல்லிகளை இணைத்து வீரியமான ஒன்றைச் செய்யப் பார்த்தார்கள். அது களையைக் கொல்லவில்லை. ஆனால் அதைத் தின்ற புழுக்கள் சட்டை மாற்றும்போது செத்தன. தின்றுகொண்டிருந்த வரை நன்றாக இருந்த புழு, பழைய சட்டை பிளந்ததும், அடியில் நாரில்லாத தோல் கிழிந்து செத்துப்போனது. அதிலிருந்து பிறந்ததுதான் டைஃப்ளூபென்சுரான். நோவாலூரான் அந்தக் குடும்பத்தில் பிந்தி வந்தது. படைப்புழுவுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்த பரிந்துரையில் நோவாலூரானும் மெட்டாரைசியமும் இடம்பெற்றன. நமக்குக் கைட்டின் கிடையாது என்பதால் மனிதருக்குக் கைட்டினைத் தடுக்கும் மருந்துகளின் ஆபத்து குறைவு. கொசுப்புழுவைக் கொல்லக் குடிநீர்த் தொட்டிகளில் இடத்தக்க மருந்துகளை மதிப்பிட்டபோது உலக சுகாதார நிறுவனம் டைஃப்ளூபென்சுரானையும் நோவாலூரானையும் சேர்த்துக்கொண்டது.

நான்காவது, உத்தரவைக் குழப்புவது. வேம்பின் அசாடிராக்டின் எக்டைசோன் சுரப்பைத் தடுமாற வைக்கும். புழு தின்பதைக் குறைக்கும். சட்டை பாதி கழன்றும் கழலாமலும் சாகும். டெபுஃபெனோசைடு என்ற செயற்கை மருந்து எக்டைசோனைப் போலவே நடித்து, நேரத்துக்கு முன்னே சட்டை மாற்றச் சொல்லும். புழு சில மணி நேரத்தில் தின்பதை நிறுத்தி, பழைய தலைக்குப் பின்னால் புதுத் தலையோடு இரட்டைத் தலையாக நின்று பட்டினியில் சாகும். இந்த ஹார்மோனுக்கான ஏற்பி மனிதரிடம் இல்லை. பாதுகாப்பான வேதிப்பொருள் என்று 1998இல் அமெரிக்காவில் பசுமை வேதியியல் விருது அதற்குக் கிடைத்தது.

மறுநாள் காலையில் பார்க்காதீர்கள்

இந்த மருந்துகளைப் பற்றி வயலில் கேட்கும் புகார் ஒன்றுதான். "அடிச்சு ரெண்டு நாளாச்சு, புழு இன்னும் நெளியுது." உண்மைதான். நரம்பு மருந்து அடித்த மறுநாள் காலையில் புழுக்கள் செத்துக் கிடக்கும். கைட்டினைத் தடுக்கும் மருந்து அடுத்த சட்டை மாற்றம் வரை காத்திருக்கும். அதற்குள் பொறுமை இழந்து மேலே இன்னொரு மருந்தை அடித்தால், காசும் போகும், எது வேலை செய்தது என்றும் தெரியாது.

காத்திருந்தால் பயிர் போய்விடாதா? இங்கேதான் ஒரு கணக்கு உதவுகிறது. படைப்புழு தன் வாழ்நாளில் தின்னும் இலையில் முதல் மூன்று நிலைகளில் தின்பது 2 விழுக்காட்டுக்கும் குறைவு. நான்காம் நிலையில் சுமார் 5, ஐந்தாம் நிலையில் சுமார் 16. மீதி 77 விழுக்காட்டையும் ஆறாம் நிலையில்தான் தின்கிறது. அதாவது இரண்டாம் மூன்றாம் நிலையில் இருக்கும் புழு, அடுத்த சட்டை மாற்றத்தில் செத்தால் போதும். அதற்குள் அது தின்றுவிடப் போவது சொற்பம். ஆறாம் நிலைப் புழுவுக்கு இந்த மருந்தை அடித்தால் பயன் குறைவு. அது தின்ன வேண்டியதைத் தின்றுவிட்டு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகப் போகும் நேரம் அது.

சின்னப் புழுவைக் கண்டுபிடிக்க இலையைப் பார்த்தால் போதும். முதல் இரண்டு நிலைப் புழுக்கள் இலையைத் துளைக்காது, பச்சையத்தைச் சுரண்டும். இலையில் கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவும் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால், மருந்துக்கு அதுதான் சரியான வேளை. இலையில் வரிசையாக ஓட்டைகளும், குருத்தில் மரத்தூள் போல எச்சமும் தெரிந்தால் புழு பெரிதாகிவிட்டது. மேலே அடிக்கும் மருந்து எச்சத்தைத் தாண்டி அதைப் போய்ச் சேர்வதே சிரமம். விதைத்து 15ஆம் நாளிலிருந்து வாரம் இரண்டு முறை வயலுக்குள் நடந்து பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இதற்கும் எல்லை உண்டு

கைட்டின் பூச்சிக்கு மட்டும் உரியதில்லை. நண்டு, இறால், நீர்த்தெள்ளு எல்லாவற்றுக்கும் ஓடு உண்டு. அவையும் சட்டை மாற்றும். கைட்டினைத் தடுக்கும் மருந்து ஏரியிலோ பண்ணைக்குட்டையிலோ கலந்தால் அவை சாகும். தெளிப்பானைக் குட்டையில் கழுவக் கூடாது. பக்கத்தில் மல்பெரித் தோட்டம் இருந்தால் காற்றின் திசை பார்க்க வேண்டும். பட்டுப்புழுவும் நான்கு முறை சட்டை மாற்றும் புழுதான். தேனீயின் குஞ்சுப்புழுக்களும் அப்படியே. பூப்பூக்கும் பயிரில் தேனீ வரும் நேரத்தில் அடிக்கக் கூடாது.

வளர்ந்த அந்துப்பூச்சி சட்டை மாற்றுவதில்லை என்பதால் அதைக் கைட்டினைத் தடுக்கும் மருந்துகள் கொல்லா. அதற்கு இனக்கவர்ச்சிப் பொறி தனியாக வைக்க வேண்டும்.

எதிர்ப்புத் திறனும் வரும். முட்டைக்கோஸைத் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியில், கைட்டினைச் செய்யும் நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியதாலேயே இந்த மருந்துகளை அது தாங்கிக்கொண்டது என்று 2016இல் கண்டறிந்தார்கள். ஒரே மருந்தை அடுத்தடுத்துத் தெளித்தால் நாமே அத்தகைய புழுவைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறோம். ஒரு முறை வேம்பு, அடுத்த முறை பூஞ்சை, தேவைப்பட்டால் மட்டும் நோவாலூரான் என்று தாக்கும் இடத்தை மாற்றிக்கொண்டே போவதுதான் தற்காப்பு. கலந்து அடிப்பது மாற்றி அடிப்பதாகாது.

மருந்துக்கடைக்குப் போகும் முன் இரண்டு கேள்விக்கு விடை தெரிந்திருக்கட்டும்: என் வயலில் உள்ள புழு எந்த நிலை, கடைக்காரர் எடுத்துத் தரும் மருந்து அதன் நரம்பைத் தாக்குகிறதா, ஓட்டைத் தாக்குகிறதா. அளவையும் நாளையும் உங்கள் வட்டார வேளாண் அலுவலரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். எந்த மருந்தானாலும் முகத்தை மூடிக்கொண்டு, கையுறை போட்டு, காற்றுக்கு எதிரே நிற்காமல் அடியுங்கள். மேலோட்டைத் தாக்கும் மருந்து மறுநாள் பலன் காட்டாது. ஆனால் வெள்ளைத் திட்டு தெரிந்த அன்றே அடித்தவர் வயலில், புழு ஆறாம் நிலைக்கு வராது.